மொறிஸ் மைனரின் ஆட்டமும் அலைச்சலும்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் பழைய மொறிஸ் மைனர் வைத்திருக்கும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணை, முன்பக்கத்துக்குக் குழாய் வடிவ ஷொக் அப்சோபர் போட்டால் கார் வீதியைப் பிடித்து ஓடுமா?" ஓடும். ஆனால் புஷ் (இணைப்புகளில் இருக்கும் இறப்பர் உறை) கிழிந்து, கிங் பின் (முன்சில்லு திரும்பும் தண்டு) வறண்டு, ஸ்பிரிங் தொங்கிப்போயிருக்கும் காரில் புதிய ஷொக்கின் பலம் முழுவதும் தேய்ந்த இடத்தைத்தான் போய் இடிக்கும். முதலில் ஆட்டத்தை எடுங்கள், பிறகு தரத்தை உயர்த்துங்கள். இந்த வரிசையை மாற்றிச் செலவழித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதனால் எந்தச் சாமானை வாங்குவது என்று தொடங்காமல், கார் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மைனரின் அடிப்பகுதி சாதாரணமானதல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரில் முன்சில்லுகள் தனித்தனியே அசையும். அவற்றைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல. காரின் நீளவாக்கில் ஓடும் டோர்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. ஸ்டியரிங் அப்போதே பற்சட்ட வகை, அதாவது பல் வெட்டிய சட்டத்தைச் சிறு பற்சக்கரம் நகர்த்தும் முறை. பின்பக்கம் மட்டும் பழைய முறை: ஒரே அச்சு, இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த ஃபோர்ட் மஸ்டாங்கின் பின்பக்கமும் இதே ஏற்பாடுதான். அமெரிக்காவின் எட்டுச் சிலிண்டர்க் கார்களைச் செப்பனிடுவோர் பின் அச்சைப் பற்றிச் சொல்வதில் பாதி நம்முடைய மைனருக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் இரண்டு வார்த்தை. ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகே போங்கள். முறுக்குக் கம்பி எப்போதும் பலத்தைத் தேக்கிவைத்திருக்கும். மேல் இணைப்பைக் கழற்றும்போது கீழ்க் கையை இன்னொரு ஜக் தாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கீழே அடிக்கும் வேகத்துக்கு விரல் எலும்பு நிற்காது.

அடுத்தது துரு. டச்சுக் குடாவை ஒட்டி நிறுத்தப்படும் கார், வாடைக் காலத்தில் வீசும் கடற்பூச்சைத் தினமும் குடிக்கிறது. பின் ஸ்பிரிங்கின் தாங்கிகள், முறுக்குக் கம்பியின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜக் வைக்கும் இடங்கள் ஆகிய மூன்றையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு சத்தத்தை விழுங்கும், கறுப்புப் பூச்சு மட்டும் உதிரும். அங்கே வெல்டிங் வேலை முடியும்வரை கீழே சொல்லும் எதுவும் பயன்படாது.

ஒரு குழியில் விழுந்தால் மூன்று தரம் துள்ளுகிறது

முன் மட்காட்டின் மூலையில் இரு கைகளையும் வைத்து முழு எடையோடு அழுத்திவிட்டு விடுங்கள். கார் எழும்பி, ஒருமுறை தணிந்து நிற்க வேண்டும். அதன் பிறகும் ஆடினால் அந்த மூலையின் ஷொக் செயலிழந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் செய்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைனரின் ஷொக் நெம்புகை வகை. ஒரு வார்ப்புப் பெட்டி, அதற்குள் எண்ணெய், வெளியே ஒரு கை. பாதி வழக்கில் எண்ணெய் குறைந்ததுதான் நோய். நிரப்பும் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் தூரிகையால் துடைத்து எடுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு அதற்குப் பிறகு சரியாக மூடாது. மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு ஊற்றும் 20 தர எண்ணெய் பொருத்தமானது. பிறேக் எண்ணெய் ஊற்றவே கூடாது. ஊற்றிவிட்டுக் காரை மெதுவாகப் பல தரம் அழுத்தி விட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள்.

ஒரு மாதத்தில் மீண்டும் வற்றினால், கையின் சுழல்தண்டு ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரியும். அங்கேதான் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. முன்பக்கத்தில் அந்தக் கை ஷொக்கின் கை மட்டுமல்ல, சில்லைப் பிடித்திருக்கும் மேல் இணைப்பும் அதுவே. சந்தையில் கிடைக்கும் குழாய் ஷொக் தொகுதிகளில் பல, பழைய பெட்டியின் வால்வை மட்டும் எடுத்துவிட்டு, கையை அதே இடத்தில் மேல் இணைப்பாக விட்டுவிடுகின்றன. சுழல்தண்டு தேய்ந்திருந்தால் குழாய் ஷொக் துள்ளலை நிறுத்தும். சில்லின் தலை உள்ளும் வெளியும் ஆடுவதை நிறுத்தாது. எனவே முதலில் கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லாவிட்டால் குழாய் ஷொக் நல்ல முதலீடு. நிலாவெளி வீதியில் தொடர்ந்து ஓடும்போது நெம்புகை ஷொக் சூடேறித் தளரும் இடத்தில் குழாய் ஷொக் தளராது. ஆட்டம் இருந்தால் புதுப்பித்த நெம்புகை ஷொக் ஒரு சோடி வாங்குவதே சரி.

திருப்பும்போது கனக்கிறது, முன்சில்லில் 'கிறீச்' என்ற ஒலி

இந்த அறிகுறியை ஒருபோதும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

மைனரின் கிங் பின் மேலும் கீழும் புரி வெட்டிய ஒரு தண்டு. அதன் இரு முனைகளும் டிரனியன் என்னும் புரியுள்ள கட்டைகளுக்குள் சுழல்கின்றன. காரின் முன்பாரத்தை அந்தப் புரிகளே தாங்குகின்றன. கிறீஸ் இல்லாவிட்டால் எஃகு எஃகை அரைக்கும். புரி மெலிந்துகொண்டே போய் ஒருநாள் முழுதாக வழுக்கும்.

என் தந்தையின் 1959ஆம் ஆண்டு மைனர் எனக்கு அதைக் காட்டியது. மடத்தடிச் சந்தியில் நடைவேகத்தில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் 'டக்' என்று ஓர் ஒலி, பொனட் சரிந்தது. இறங்கிப் பார்த்தால் முன்சில்லு மட்காட்டுக்குள் மடிந்து படுத்திருந்தது. பின் இருக்கையில் அம்மாவும் தங்கையும். அரை மணி நேரத்துக்கு முன்புதான் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி எழுபது கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் ஒரு கராஜில் சேர்விஸ் செய்திருந்தோம். கிறீஸ் அடிக்கும் வாயான நிப்பிளின் வெளியே கிறீஸ் தாராளமாக அப்பியிருந்தது. அதன் வாயை மூடியிருந்த கறுப்பு வர்ணத்தை யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. உள்ளே ஒரு சொட்டும் போயிருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வேலையை நான் பிறர் கையில் விடுவதில்லை.

ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என நான்கு நிப்பிள்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொன்றையும் துடையுங்கள். வாயின் நடுவில் கடுகளவு எஃகு மணி ஒன்று தெரியும். ஊசி முனையால் அதை அழுத்துங்கள். உள்ளே போய் மறுபடி மேலே வர வேண்டும். வராவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள், அது மிகச் சிறிய செலவு. பிறகு காரின் முன்பக்கத்தைச் சட்டத்தில் ஜக் வைத்துத் தூக்கி, சில்லுகளை நிலத்திலிருந்து விடுவியுங்கள். பாரம் புரியின் மேல் இருக்கும்போது கிறீஸ் அழுந்தும் பக்கத்துக்குப் போகாது, வெறும் பக்கத்தை நிரப்பிவிட்டு வெளியேறிவிடும். கிறீஸ் கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அடியுங்கள். முதலில் கறுத்த களி வரும். அதில் செம்மை கலந்திருந்தால் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். புதிய கிறீஸ் அதே நிறத்தில் வெளியே பிதுங்கும்வரை நிறுத்தாதீர்கள். இடையிடையே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இதைச் செய்வது பழைய வழக்கம். மழைக்காலத்தில் நான் மாதம் ஒருமுறை செய்கிறேன்.

தேய்மானத்தைப் பார்க்க, தூக்கிய சில்லின் மேலையும் கீழையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் குற்றம் சில்லின் பெயாரிங்கில். மறையாவிட்டால் டிரனியனில் அல்லது மேல் கையில். அடுத்ததாக டயருக்கடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேல்நோக்கி நெம்புங்கள். கீழ் டிரனியனில் விரலை வைத்திருப்பவருக்கு அசைவு தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கிங் பின்னையும் டிரனியனையும் சோடியாகவே மாற்ற வேண்டும். மெலிந்த புரிக்குள் புதிய புரி நிலைக்காது. ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி என்பதால் இரு பக்கச் சாமானையும் ஒரே பெட்டியில் கலந்து போடாதீர்கள். பூட்டும்போது முழுதாக ஏற்றிவிட்டு, இரு பக்கத் திருப்பமும் தடையின்றிப் போகும் அளவுக்குச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

நேராகப் போகாமல் அலைகிறது

கிண்ணியாப் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இது நன்றாகத் தெரியும். கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். டயர்க் கடையில் நவீன காருக்கு அடிக்கும் 32 இறாத்தலையே மைனருக்கும் அடித்துவிடுகிறார்கள். இவ்வளவு இலேசான காருக்கு அது அதிகம். ரேடியல் டயருக்கு நான் முன்பக்கம் 24, பின்பக்கம் 26 வைக்கிறேன். முன்பக்கம் ரேடியலும் பின்பக்கம் பழைய குறுக்கிழை டயரும் போட்டு ஓட்டுவது ஆபத்து. ஈர வீதியில் பின்பக்கம் முதலில் வழுக்கும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். 155/80 அளவு 14 அங்குல ரேடியல் நான்கு போடுவது மைனரின் ஓட்டத்தை வேறெந்தச் சாமானையும்விட அதிகம் மாற்றுகிறது என்பது என் அனுபவம்.

பிறகு முன்சில்லுகளின் பக்கங்களை மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் பிடித்து அசையுங்கள். ஆட்டம் ஸ்டியரிங் இணைப்பு முனைகளிலிருந்து வரலாம்; பற்சட்டத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளாம்புகள் தளர்ந்தும் இருக்கலாம். கிளாம்பை இறுக்குவது பத்து நிமிட வேலை, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. முன்சில்லுகளின் உள்நோக்கம் (பின்விளிம்பைவிட முன்விளிம்பில் சில்லுகள் நெருங்கியிருக்கும் அளவு) தயாரிப்பாளர் சொன்னபடி அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். அது குறுக்கிழை டயர்க் காலத்து அளவு. ரேடியலுக்கு அதைவிடக் குறைத்து, சமாந்தரத்தை ஒட்டி வைத்தால் கார் சாந்தமாக ஓடும்.

முன்பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தும் அலைந்தால் பின்னால் போங்கள். அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் 'யூ' போல்ட் தளர்ந்தால் பின் அச்சே காரைத் திருப்பத் தொடங்கும். சாரதிக்கு அது ஸ்டியரிங் குற்றம் போலவே தெரியும்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவிலிருந்து மட்காட்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். சாரதி பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. வித்தியாசம் அரை அங்குலத்தைத் தாண்டினால் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் கூட்டுக்கடியில் ஜக் வைத்துப் பின்சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து சற்றே தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. முன்பக்கம் சமமாகிவிட்டால் தொங்கியது பின் ஸ்பிரிங். இன்னமும் சாய்ந்தே இருந்தால் முறுக்குக் கம்பி.

முறுக்குக் கம்பியின் பின்முனையில் ஒரு நெம்புகோலும், துளைகள் வரிசையாக உள்ள ஒரு தகடும் இருக்கும். துளை மாற்றிச் சிறிய உயரத்தையும், கம்பியின் பல்லை மாற்றிப் பெரிய உயரத்தையும் சரிசெய்யலாம். கழற்றினால் எந்தப் பக்கக் கம்பி எது என்று வர்ணத்தால் குறியிடுங்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் போட்டால் அது எதிர்த் திசையில் முறுகும், விரைவில் உடையும். 948 சிசி இயந்திரத்தை எடுத்துவிட்டு, கனமான ஜப்பானிய இயந்திரம் பூட்டியவர்களின் கார்கள் முன்பக்கம் தாழ்ந்திருப்பது, கூடிய எடைக்கு மூலக் கம்பி போதாததால்தான். அவர்களுக்குத் தடித்த கம்பியே தீர்வு. நெம்பை மேலும் மேலும் ஏற்றுவது உயரத்தைத் தரும், பலத்தைத் தராது.

தொங்கிய பட்டை ஸ்பிரிங்கைக் கொல்லன் பட்டறையில் அடித்து வளைப்பது நம்மூரில் வழக்கம். பதம் ஏற்றாமல் அடித்தால் சில மாதங்களில் மறுபடி தொங்கும். பதம் ஏற்றத் தெரிந்தவரிடம், இரு பக்கத்தையும் ஒன்றாகக் கொடுங்கள்.

வளைவில் அதிகம் சாய்கிறது

உவர்மலை இறக்கத்தில் திரும்பும்போது வெளிப்பக்கம் அமுங்கி, உள்ளே இருப்பவர்கள் கதவில் சாய்வார்கள். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் இப்படி இருந்தால்தான் உண்மையான தர உயர்வுக்கு இடம் வந்திருக்கிறது.

முன்பக்கத்துக்குச் சாய்வுத் தடைக் கம்பி பூட்டலாம். சாய்வு கண்கூடாகக் குறையும். விலையும் உண்டு: ஒரு சில்லு குழியில் விழுந்தால் அதன் உதறல் மறுசில்லுக்கும் போகும், முன்பக்கம் வளைவில் சற்று வெளியே தள்ளும். ஆகவே கிடைப்பதில் மெல்லிய கம்பியையே தேர்ந்தெடுப்பேன். கீழ்க் கைக்கும் முன்னால் ஓடும் இழுகம்பிக்கும் பொலியூரிதேன் புஷ் போட்டால் பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னே நகராது; அதற்குரிய சிலிக்கோன் கிறீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும். பின் ஸ்பிரிங்குக்கு நான் இறப்பரையே விரும்புகிறேன், குடும்பத்தோடு கந்தளாய் வரை போகும் கார் அது.

காரைத் தாழ்த்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். நெம்பில் துளை மாற்றினால் போதும், காசும் இல்லை. ஆனாலும் செய்யாதீர்கள். வேகத்தடைகளும், குச்சவெளிப் பக்கம் தார் முடிந்து மணல் இறங்கும் ஓரங்களும் காரின் வயிற்றைத் தேடி வரும். பயணத் தூரம் குறைந்த சில்லு தடுப்பு இறப்பரில் போய் இடிக்கும். அந்த நொடியில் பிடிமானம் போய்விடும்.

பின்னால் தட்டுகிறது, புறப்படும்போது குதிக்கிறது

கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மான்களுக்காக ஊர்ந்துதான் ஏற வேண்டும். இயந்திரச் சத்தம் அடங்கிய அந்த ஏற்றத்தில் பின்பக்கத் தட்டல் தெளிவாகக் கேட்கும். ஷொக்கையும் ஸ்பிரிங் தகட்டையும் இணைக்கும் சிறு கம்பியின் இறப்பர்களை முதலில் பாருங்கள். பிறகு ஸ்பிரிங்கின் பின்முனையைத் தொங்கவிட்டிருக்கும் ஷக்கிள்களின் புஷ்கள். புதிய இறப்பர் புஷ் போட்டதும் காரைத் தூக்கிய நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்குவது பலர் செய்யும் தவறு. கார் தன் சில்லில் நின்று, எடை விழுந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இறப்பர் நாள் முழுவதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

கிளச்சை விட்டதும் பின் அச்சு படபடவென்று குதித்தால், ஸ்பிரிங் பட்டை 'எஸ்' எழுத்தாக வளைந்து நிமிர்கிறது என்று பொருள். மூல இயந்திரம் உள்ள காரில் இது தளர்ந்த 'யூ' போல்ட்டாலோ உடைந்த பட்டையாலோ வரும். பலமான இயந்திரம் பூட்டிய காருக்கு அச்சையும் சட்டத்தையும் இணைக்கும் தடைக் கம்பி ஒரு சோடி தேவை.

அறுபது கிலோமீற்றரில் ஸ்டியரிங் நடுங்குகிறது

சில்லைச் சமப்படுத்துங்கள். நிற்காவிட்டால் சில்லைச் சுழலவிட்டு விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அது டிரம்மிலும் பிறேக் சிலிண்டரிலும் உள்ள குற்றம். 948 சிசி காரின் 7 அங்குல முன் டிரம்முக்குப் பதிலாக, 1962இல் தொடங்கிய 1098 சிசி காரின் 8 அங்குல டிரம் தொகுதியைப் பூட்டுவது நல்ல உயர்வு.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இருநூறு கிலோமீற்றர் ஓடியதும் காருக்கடியில் படுத்து ஒரு விளக்கைப் பிடியுங்கள். கோடு முறிந்திருக்கும் இடத்தில் போல்ட் சுழன்றிருக்கிறது, அதை இறுக்குங்கள். புதிய பட்டைகள் படிவதால் 'யூ' போல்ட்டுகளைக் கோடு முறியாவிட்டாலும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.